பொஸ்னியாவில் நின்றவர், வன்னிக்கு வர முடியாதவர்: கார்ல் பில்ட்டின் அரசியலும் இராஜதந்திரமும்

2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் மூன்று ஐரோப்பிய வெளிவிவகார அமைச்சர்கள் இலங்கைக்கு வருவதாக இருந்தது. பிரித்தானியாவின் டேவிட் மிலிபான்ட், பிரான்ஸின் பேர்னாட் குஷ்னர், சுவீடனின் கார்ல் பில்ட் ஆகியோரே அம்மூவர். ஆனால், ஏப்ரல் 29ஆம் திகதி வந்திறங்கியவர்கள் இருவர் மட்டுமே. மூன்றாமவருக்கு அனுமதி இல்லை என்பது அதற்கு முந்திய தினமே தெரியவந்திருந்தது. இதனையடுத்து சுவீடன் அரசாங்கம் கொழும்பிலிருந்த தனது இராஜதந்திரப் பிரதிநிதியைக் கலந்தாலோசனைக்கென ஸ்டொக்ஹோமுக்குத் திருப்பி அழைத்தது.

அந்நாட்களில் முல்லைத்தீவுக் கடற்கரையோரத்தில், முள்ளிவாய்க்காலை அண்டிய ஒடுங்கிய நிலப்பரப்பில் பல்லாயிரக்கணக்கான மக்கள் சிக்குண்டிருந்தனர். வந்த இரு அமைச்சர்களும் வவுனியாவுக்கும் செட்டிகுளம் முகாம் பகுதிக்கும் அழைத்துச் செல்லப்பட்டனர். எம்பிலிப்பிட்டியில் அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவைச் சந்தித்து, போரை நிறுத்துமாறு கேட்டனர். அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. மூன்று வாரங்களுக்குள் யாவும் முடிந்து போயின.

குண்டுகளும் மரணங்களும் நிறைந்திருந்த அன்றைய செய்திகளின் நடுவே, ஓர் ஐரோப்பிய அமைச்சருக்கு விசா மறுக்கப்பட்டமை எம்மில் பலரின் கவனத்திற் படாமலே போனது. ஆயினும், மறுக்கப்பட்ட அம்மனிதர் யார், அவர் எதனைக் கண்டு வந்தவர் என்பதை இன்று திரும்பிப் பார்ப்பதிற் பயனுண்டு. ஸ்ரெப்ரெனிகா வீழ்ந்தபோது ஐரோப்பாவின் சார்பிற் பேச்சுவார்த்தை நடத்திக் கொண்டிருந்தவர் அவர். போர் ஓய்ந்த பொஸ்னியாவில் சமாதானத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பை முதன்முதலாக ஏற்றவரும் அவரே. ஆகவே, அவரது வரலாறு வன்னித் தமிழருக்கும் வடபுல முஸ்லிம்களுக்கும் அந்நியமானதன்று.

குடும்பமும் இளமையும்

கார்ல் பில்ட் 1949 ஜூலை 15ஆம் திகதி சுவீடனின் மேற்குக் கரையிலுள்ள ஹல்ம்ஸ்டாட் நகரிற் பிறந்தார். பில்ட் குடும்பம் பழைய பிரபுத்துவக் குடும்பங்களுள் ஒன்று. அவரது முப்பாட்டனாரின் தலைமுறையைச் சேர்ந்த கில்லிஸ் பில்ட் 1888ஆம், 1889ஆம் ஆண்டுகளில் சுவீடனின் பிரதமராக இருந்தவர்.

ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த காலத்திலேயே பில்ட் வலதுசாரி மாணவர் அரசியலில் இறங்கிவிட்டார். இடதுசாரிச் சிந்தனை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களை ஆட்கொண்டிருந்த காலம் அது. எதிர்நீச்சலாகத் தொடங்கிய அவ்வரசியல் அவரை மொடரேட் கட்சியின் தலைவர் கோஸ்தா போமனிடம் கொண்டு சேர்த்தது. 1979இல் அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

1981 ஒக்டோபரில் சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று சுவீடனின் கார்ல்ஸ்குரோனா கடற்படைத் தளத்தின் அருகே பாறையில் ஏறித் தரைதட்டி நின்றது. நடுநிலைமையைத் தேசியக் கொள்கையாகக் கொண்டிருந்த நாட்டுக்கு இது பேரதிர்ச்சியாகும். அதன் பின்னர் நீர்மூழ்கி ஊடுருவல்களை ஆராய நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவில் பில்ட் இடம்பெற்றார். 1983இல் ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்ததும் அவர் வாஷிங்டனுக்குச் சென்றார். இதனைப் பிரதமர் உலொவ் பல்மே பகிரங்கமாகக் கண்டித்தார். ஆனால், அக்கண்டனமே இளம் அரசியல்வாதியான பில்ட்டின் பெயரை நாடறியச் செய்தது எனலாம். 1986இல் அவர் மொடரேட் கட்சியின் தலைவரானார். 1999 வரை அப்பதவியில் இருந்தார்.

பிரதமராக மூன்று ஆண்டுகள்

1991 ஒக்டோபர் 4ஆம் திகதி, நான்கு கட்சிகள் சேர்ந்த சிறுபான்மைக் கூட்டரசாங்கத்தின் தலைவராகப் பில்ட் பிரதமர் பதவியை ஏற்றார். 1930இற்குப் பின்னர் அக்கட்சி மரபிலிருந்து வந்த முதலாவது பிரதமர் அவரே. சமூக ஜனநாயகக் கட்சியின் நீண்ட ஆட்சி மரபுக்குப் பழகியிருந்த நாட்டில் அது பெரியதொரு மாற்றம்.

ஆனால், காலம் அவருக்குச் சாதகமாக இருக்கவில்லை. வங்கிகள் ஆட்டங்கண்டன, வேலையின்மை பெருகியது. 1992 செப்டெம்பரில் நாணயத்தைக் காப்பாற்றுவதற்காக மத்திய வங்கி தனது குறுங்கால வட்டி வீதத்தை 500 சதவீதம் வரை உயர்த்தியது. அதுவும் பலிக்கவில்லை. நவம்பர் 19ஆம் திகதி குரோனாவை மிதக்கவிட வேண்டியதாயிற்று.

வெளியுறவில் அவரது பதிவு வேறு விதமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைவதற்கான பேச்சுவார்த்தையை அவரது அரசாங்கமே நடத்தி முடித்து, 1994 ஜூனில் ஒப்பமிட்டது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த மக்கள் தீர்ப்பில் 52 சதவீதத்திற்குச் சற்று அதிகமானோர் ஆதரவளிக்க, 1995 ஜனவரி முதலாம் திகதி சுவீடன் ஒன்றியத்தில் இணைந்தது. எஸ்தோனியா, லத்வியா ஆகிய நாடுகளிலிருந்து ரஷ்யப் படைகள் 1994 ஓகஸ்ட் இறுதியில் வெளியேறுவதற்கு வழிவகுத்த இராஜதந்திர முயற்சிகளிலும் அவர் ஈடுபட்டிருந்தார். 1994 பெப்ரவரி 4ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டனுக்கு அவர் அனுப்பிய மின்னஞ்சல், இரு அரசாங்கத் தலைவர்களிடையே பரிமாறப்பட்ட முதலாவது மின்னஞ்சலாகக் கருதப்படுகின்றது.

எமது வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் அந்த ஆட்சிக் காலத்தில் உண்டு. பொஸ்னியப் போரிலிருந்து தப்பிச் சுவீடனுக்கு வந்திருந்த சுமார் 40,000 பேருக்கு நிரந்தர வதிவிட உரிமை வழங்குவதென 1993 ஜூனில் அரசாங்கம் தீர்மானித்தது. அவர்களுட் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். அதே வேளையில், இனி வருவோர் விசா பெற்றே வரவேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் விதித்தது. உள்ளே வந்தவர்களுக்குக் கதவு திறந்தது. வெளியே நின்றவர்களுக்கு அது மூடியது. அகதிகள் விடயத்தில் இரக்கமும் கணக்கும் ஒருசேர இயங்குவதை எமது மக்களும் ஐரோப்பிய வாசல்களிற் கண்டவர்களே.

1994 செப்டெம்பர் தேர்தலில் அவரது கூட்டணி தோற்றது. பதவியை ஒப்படைக்கும் முன்னரான நாட்களில், செப்டெம்பர் 28ஆம் திகதி, எஸ்தோனியா என்ற பயணிகள் கப்பல் போல்டிக் கடலில் மூழ்கி 852 பேர் இறந்தனர். அத்துயரத்தின் நடுவிலேயே அவரது ஆட்சி முடிவுற்றது.

ஸ்ரெப்ரெனிகாவின் நிழலில்

1995 ஜூனில், முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் விசேட பிரதிநிதியாகப் பில்ட் நியமிக்கப்பட்டார். அப்போது பொஸ்னியப் போர் நான்காவது ஆண்டில் இருந்தது. சரஜேவோ நகரம் 1992 ஏப்ரல் முதல் முற்றுகைக்குள் கிடந்தது. ஐ.நா பாதுகாப்புச் சபையாற் பாதுகாப்பு வலயம் என 1993இற் பிரகடனப்படுத்தப்பட்டிருந்த ஸ்ரெப்ரெனிகாவைச் சில நூறு நெதர்லாந்துப் படையினர் காவல் காத்து நின்றனர்.

பில்ட் பொறுப்பேற்று ஒரு மாதமளவிலேயே, ஜூலை 11ஆம் திகதி, ஸ்ரெப்ரெனிகா பொஸ்னிய சேர்பியப் படைகளிடம் வீழ்ந்தது. அடுத்து வந்த நாட்களில் 8,000இற்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் பிரித்தெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். இது இனப்படுகொலையே என யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயமும், 2007இல் சர்வதேச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. படையை வழிநடத்திய றட்கோ மிலாடிச்சும், பொஸ்னிய சேர்பியத் தலைவர் றடோவன் கராட்ஜிச்சும் பிற்காலத்தில் ஆயுட் சிறைத் தண்டனை பெற்றனர்.

அந்தக் கொலை நாட்களிற் பில்ட் பெல்கிரேட்டில் இருந்தார். ஜூலை 14ஆம், 15ஆம் திகதிகளில் சேர்பிய ஜனாதிபதி ஸ்லொபடான் மிலோசெவிச்சுடன் பேச்சு நடத்தினார். மிலாடிச்சும் பெல்கிரேட்டுக்கு வரவழைக்கப்பட்டிருந்தார். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் கைதிகளைப் பார்வையிட அனுமதிக்கப்பட வேண்டும், ஐ.நா படையினர் பாதுகாப்பாக வெளியேற வேண்டும் என்பன அங்கு பேசப்பட்டன. ஆனால், எந்தக் கைதிகளைப் பார்வையிடுவதற்கு அனுமதி கேட்கப்பட்டதோ, அவர்கள் அதே மணித்தியாலங்களிற் சுட்டுக் கொல்லப்பட்டுக் கொண்டிருந்தனர். ஐ.நா செயலாளர் நாயகம் 1999இல் வெளியிட்ட அறிக்கை இந்நாட்களின் நிகழ்வுகளை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

பில்ட்டின் வாழ்வில் மிகவும் கனமான பக்கம் இதுவே. கொலையாளியின் எதிரே அமர்ந்து, கொலை நடப்பதை முழுமையாக அறியாது, அனுமதிக்காக வாதிடும் நிலை அது. அவரைக் குறை கூறுவோர் இதனைச் சுட்டிக்காட்டுவர். அவருக்குப் பின்னால் அப்போது படைபலமும் இல்லை, ஐரோப்பாவின் ஒருமித்த உறுதியும் இல்லை என்பதையும் நியாயமாகக் கருத்திற் கொள்ள வேண்டும்.

மறு மாதமே வேறொரு சோதனை வந்தது. குரோஷியா தனது கிராஜினாப் பகுதியைப் படை நடவடிக்கையால் மீளக் கைப்பற்றியபோது, ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட சேர்பியர் அங்கிருந்து ஓடினர். குடிமக்கள் வாழ்ந்த நகரின் மீது எறிகணை வீசியமைக்காகக் குரோஷிய ஜனாதிபதி துஜ்மனும் பொறுப்புக் கூற நேரலாம் எனப் பில்ட் வெளிப்படையாகக் கூறினார். இதனாற் சினமுற்ற குரோஷியா, அவரை இனிமேல் நடுவராக ஏற்பதில்லை என அறிவித்தது. பாதிக்கப்பட்டவர் எந்த இனத்தவர் என்று பாராது பேசிய நடுவருக்கு அன்று கிடைத்த மறுமொழி அது. கதவு மூடப்படுவது அவருக்குக் கொழும்பில்தான் முதன்முறையாக நிகழ்ந்தது என்றில்லை.

டேய்டனும் சரஜேவோவும்

1995 நவம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டேய்டன் நகரை அடுத்த விமானப்படைத் தளத்தில், மூன்று வாரப் பேச்சுவார்த்தை நடைபெற்றது. அமெரிக்காவின் ரிச்சர்ட் ஹோல்புறூக் அதனை முன்னின்று நடத்த, ஐரோப்பிய ஒன்றியத்தின் சார்பிற் பில்ட்டும் ரஷ்யாவின் சார்பில் இகோர் இவனோவும் இணைத் தலைவர்களாக இருந்தனர். அங்கு எட்டப்பட்ட உடன்படிக்கை டிசம்பர் 14ஆம் திகதி பாரிஸில் ஒப்பமிடப்பட்டது. ஏறத்தாழ ஒரு இலட்சம் உயிர்களைப் பலிகொண்டு, 20 இலட்சத்திற்கும் அதிகமானோரை இடம்பெயரச் செய்த போர் அத்துடன் ஓய்ந்தது.

உடன்படிக்கையின் குடியியல் பகுதிகளை நிறைவேற்றும் பொறுப்பு, உயர் பிரதிநிதி என்ற புதிய பதவிக்கு அளிக்கப்பட்டது. அதன் முதலாவது பதவியாளராகப் பில்ட் சரஜேவோ சென்றார். நேட்டோ தலைமையில் 60,000 படையினர் வந்திறங்கியிருந்தனர். ஆனால், அவர்கள் அவரது கட்டளைக்கு உட்பட்டவர்கள் அல்லர். அவருக்கெனத் தொடக்கத்தில் அலுவலகமும் போதிய நிதியும் ஆளணியும் இருக்கவில்லை. போரை நிறுத்துவதற்கு உலகம் பெருஞ்செலவு செய்தது. சமாதானத்தைக் கட்டுவதற்கு மேசை நாற்காலியும் தேட வேண்டியிருந்தது.

1996இன் தொடக்கத்திலேயே அதன் விளைவு தெரிந்தது. சரஜேவோவின் சேர்பியப் புறநகர்கள் பொஸ்னிய அரசின் நிருவாகத்திற் சேர்க்கப்பட்ட வேளையில், அங்கு வாழ்ந்த சேர்பியரை அவர்களது சொந்தத் தலைவர்களே வெளியேறத் தூண்டினர். தங்கியிருக்குமாறு பில்ட் விடுத்த வேண்டுகோள் எடுபடவில்லை. பல்லாயிரக்கணக்கானோர் முன்னோரின் எலும்புகளைக்கூடத் தோண்டி எடுத்துக் கொண்டு வெளியேறினர். வீடுகள் எரிந்தன. படையினர் பார்த்து நின்றனர்.

1996 செப்டெம்பரில் நடந்த முதலாவது பொதுத் தேர்தலில் மூவினங்களின் தேசியவாதக் கட்சிகளே வென்றன. 1997 ஜூனில் பில்ட் பதவியிலிருந்து விலகினார். ஒத்துழையாத அலுவலர்களைப் பதவி நீக்கவும் சட்டங்களை விதிக்கவும் உயர் பிரதிநிதிக்கு அதிகாரம் கிடைத்தது, அவர் விலகிய பின்னர், அவ்வாண்டு டிசம்பரிலேதான். தனது பொஸ்னிய அனுபவங்களை அவர் ஒரு நூலாகவும் எழுதியுள்ளார். 1999 முதல் 2001 வரை பால்கன் பிராந்தியத்திற்கான ஐ.நா செயலாளர் நாயகத்தின் விசேட தூதுவராகவும் பணியாற்றினார்.

வீடு திரும்பும் உரிமை

டேய்டன் உடன்படிக்கையிற் குறைகள் பல. அது நாட்டை இரு நிருவாக அலகுகளாகப் பிரித்து, போரினால் உருவான எல்லைகளுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. மூவர் கொண்ட ஜனாதிபதிப் பதவி போஸ்னியாக்கர், சேர்பியர், குரோஷியர் ஆகியோருக்கே உரியது என்றது. அம்மூவினத்தையும் சேராத யூதரும் ரோமா மக்களும் அதற்குப் போட்டியிட முடியாதவாறு செய்தது பாரபட்சமே என 2009 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய தரப்புகள் மட்டும் மேசையில் அமர்ந்து எழுதும் உடன்படிக்கைகளிற் சிறிய சமூகங்களுக்கு நேரும் கதி இது.

ஆயினும், அவ்வுடன்படிக்கையின் ஏழாவது இணைப்பு தனித்து நோக்கத்தக்கது. இடம்பெயர்ந்த ஒவ்வொருவரும் தாம் முன்னர் வாழ்ந்த வீட்டுக்கே திரும்பும் உரிமை உடையவர் எனவும், பறிக்கப்பட்ட சொத்தை மீளப் பெறவோ, அது இயலாவிடின் நட்டஈடு பெறவோ உரித்துடையவர் எனவும் அது எழுத்தில் உறுதி செய்தது. உரிமைக் கோரிக்கைகளை விசாரிக்கத் தனி ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது. பில்ட்டின் காலத்தில் இது பெரும்பாலும் தாளிலேயே கிடந்தது. அவருக்குப் பின் வந்தோர் அதிகாரத்தைப் பயன்படுத்தியபோதுதான் பிறரது வீடுகளிற் குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டு உரிமையாளரிடம் சாவிகள் கையளிக்கப்பட்டன. 2004ஆம் ஆண்டளவில் 10 இலட்சம் பேர் திரும்பியிருந்தனர். திரும்பியோர் எல்லோரும் நிலைத்து வாழவில்லை; வேலையும் பாடசாலையும் இல்லாத ஊர்களிலிருந்து பலர் மீண்டும் வெளியேறினர். எனினும், தாளில் அவ்வுரிமை எழுதப்படாதிருந்தால் கேட்பதற்கே ஓர் ஆதாரம் இருந்திராது.

சுவீடன் இராஜதந்திர மரபில் இவ்வெண்ணம் புதிதன்று. 1948இற் பலஸ்தீனத்திற்கான ஐ.நா நடுவராகச் சென்ற சுவீடன் கோமகன் ஃபோல்க் பேர்னடொற், அகதிகள் வீடு திரும்பும் உரிமையைத் தமது அறிக்கையில் வலியுறுத்தினார். செப்டெம்பர் 17ஆம் திகதி அவர் ஜெருசலேமிற் சியோனிசத் தீவிரவாதிகளாற் கொல்லப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஐ.நா பொதுச்சபை நிறைவேற்றிய 194ஆம் இலக்கத் தீர்மானம் அந்த உரிமையை ஏற்றுக்கொண்டது. பலஸ்தீன மக்கள் இன்றளவும் சுட்டுவது அத்தீர்மானத்தையே.

வன்னியும் சுவீடனும்

இந்தப் பின்னணியில் எமது மண்ணுக்கு வருவோம். 2002 பெப்ரவரி 22ஆம் திகதிய போர்நிறுத்த உடன்படிக்கையின் கீழ் அமைந்த கண்காணிப்புக் குழுவில் நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்தோர் பணியாற்றினர். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அவர்களது வெண்ணிற வாகனங்களைக் காணாதவர் அந்நாளில் இல்லை.

2006இல் அக்குழுவின் தலைவராக வந்தவர் சுவீடனின் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் உல்வ் ஹென்றிக்சன். பில்ட் பிரதமராக இருந்த 1993இற் பொஸ்னியாவுக்கு அனுப்பப்பட்ட நோர்டிக் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. ஸ்தூப்னி டோ என்ற முஸ்லிம் கிராமத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது, தடைகளை மீறி உள்ளே சென்று அக்கொடுமையை உலகறியச் செய்தது அவரது படைப்பிரிவாகும். 2006 ஓகஸ்டில் மூதூரில் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள் கொல்லப்பட்டமைக்கு அரச படையினரே பொறுப்பு என அவரது தலைமையிலான குழு முடிவு கூறியது.

ஆனால், அதே ஆண்டு மே மாத இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடை செய்திருந்தது. ஒன்றியத்தைச் சேர்ந்த மூன்று நாடுகளின் கண்காணிப்பாளர்கள் செப்டெம்பர் முதலாம் திகதிக்குள் வெளியேற வேண்டும் எனப் புலிகள் கோரினர். அவர்கள் வெளியேறினர். 2008 ஜனவரியில் அரசாங்கம் உடன்படிக்கையிலிருந்தே விலகியது. எஞ்சிய கண்காணிப்பாளரும் சென்றனர். அவ்வாண்டு செப்டெம்பரில் அரசாங்கத்தின் பணிப்பின் பேரில் ஐ.நாவின் வெளிநாட்டுப் பணியாளரும் கிளிநொச்சியை விட்டகன்றனர். ஒரு தரப்பு சில கண்களை அகற்றியது. மறு தரப்பு மீதியை அகற்றியது. இடையில் நின்ற மக்கள் சாட்சியின்றி விடப்பட்டனர்.

பில்ட் வெளிவிவகார அமைச்சரானது 2006 ஒக்டோபரில். சுவீடன் கண்காணிப்பாளர்கள் அதற்கு முன்னரே வெளியேறியிருந்தனர். 2009 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுழற்சித் தலைமையை ஏற்கவிருந்த நாட்டின் அமைச்சராக அவர் ஏப்ரலில் வர முனைந்தபோது வாசல் அடைக்கப்பட்டது. அவர் வந்திருந்தால் போர் நின்றிருக்கும் எனக் கூற முடியாது. வந்த இருவராலும் அது முடியவில்லை. இறுதிக் கட்டத்தில் 40,000 வரையிலான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்பதற்கு நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளதாக ஐ.நா நிபுணர் குழு 2011இற் கூறியது. தனது கடமையில் ஐ.நா தவறியதை அதன் உள்ளக மீளாய்வே 2012இல் ஒப்புக்கொண்டது. ஸ்ரெப்ரெனிகாவிற் சாட்சிகள் இருந்தும் காப்பாற்றும் உறுதி இருக்கவில்லை. முள்ளிவாய்க்காலிற் சாட்சிகளே இருக்கவில்லை.

இருவேறு மக்கள், ஒரே கேள்வி

பொஸ்னிய உடன்படிக்கையில் இருந்து எமது உடன்படிக்கையில் இல்லாது போனதை இங்கு மனந்திறந்து கூற வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா முதலிய வன்னியின் ஊர்களிலிருந்தும் அம்மக்கள் கைப்பொருளின்றிப் போயினர். பலர் புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையைக் கழித்தனர். 2002இன் போர்நிறுத்த உடன்படிக்கையில் முஸ்லிம்கள் ஒரு தரப்பாக இடம்பெறவில்லை. அவ்வாண்டு ஏப்ரலிற் கிளிநொச்சியில் அன்டன் பாலசிங்கம் வெளியேற்றத்திற்கு வருத்தம் தெரிவித்தார். சில தினங்களிற் பிரபாகரனும் றவூப் ஹக்கீமும் ஓர் இணக்கப்பாட்டில் ஒப்பமிட்டனர். நல்ல தொடக்கமே ஆயினும், திரும்பும் உரிமையைச் செயலாக்கும் ஆணைக்குழுவோ கால அட்டவணையோ அதனைத் தொடர்ந்து வரவில்லை.

2009இன் பின்னர் வன்னித் தமிழரும் அதே நிலைக்கு ஆளாயினர். இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் செட்டிகுளத்தின் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது கேப்பாப்பிலவு மக்கள் தமது காணிக்கன்றி மாதிரிக் கிராமம் ஒன்றுக்கே கொண்டு செல்லப்பட்டனர். சொந்தக் காணி கோரி 2017இல் அவர்கள் படைமுகாமின் வாசலில் இரவு பகலாக அமர்ந்திருந்ததை நாமறிவோம். அதே மாவட்டத்திற் காணி கேட்டுத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களுக்கு எதிராகத் தமிழர் தரப்பிலிருந்தே எதிர்ப்பு எழுந்ததையும் நாமறிவோம். ஒருவருக்கு உரிமையாகத் தோன்றுவது மற்றவர் கேட்கும்போது ஆக்கிரமிப்பாகத் தோன்றுமாயின், இருவரது உரிமையும் பலவீனமடையும்.

விமர்சனங்களும் பிற்காலமும்

பில்ட் விமர்சனத்திற்கு அப்பாற்பட்டவர் அல்லர். 2000 முதல் 2006 வரை அவர் லுண்டின் எண்ணெய் நிறுவனத்தின் பணிப்பாளர் சபையில் இருந்தார். இன்றைய தென் சூடானில் அந்நிறுவனம் இயங்கிய பகுதியில் அக்காலத்திற் கடும் போர் நடந்தது. மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். 2010இற் சுவீடன் வழக்குத்தொடுநர் விசாரணையை ஆரம்பித்தனர். 2021இல் நிறுவனத்தின் முன்னாள் உயர் அதிகாரிகள் இருவர் மீது போர்க்குற்றங்களுக்கு உடந்தையாயிருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. 2023 செப்டெம்பரில் வழக்கு ஆரம்பமாயிற்று. குற்றச்சாட்டை அவர்கள் மறுத்தனர். பில்ட் மீது குற்றம் சுமத்தப்படவில்லை. எனினும், இடம்பெயர்ந்தோரின் உரிமைக்காகப் பேசிய ஒருவர் அத்தகைய சபையில் அமர்ந்திருந்தது சரியா என்ற வினா சுவீடனிலேயே எழுந்தது, அதில் நியாயமுண்டு.

எட்டு ஆண்டுகள் வெளிவிவகார அமைச்சராக இருந்த அவர், போலந்துடன் சேர்ந்து முன்மொழிந்த கிழக்குப் பங்காண்மைத் திட்டம் 2009 மேயில் ஆரம்பிக்கப்பட்டது. துருக்கியை ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்க்க வேண்டும் என வாதிட்ட ஐரோப்பியத் தலைவர்களுள் அவர் முக்கியமானவர். 2014இல் அரசாங்கம் மாறியதும் பதவி விலகினார். பின்னர் இணைய ஆளுகை பற்றிய உலக ஆணைக்குழுவின் தலைவராகவும், 2021இல் கொவிட் தடுப்பூசி, மருந்து என்பவற்றைச் சமமாகப் பகிரும் முயற்சிக்கான உலக சுகாதார அமைப்பின் விசேட தூதுவராகவும் செயற்பட்டார்.

பொஸ்னியாவில் அவர் தொடக்கி வைத்த உயர் பிரதிநிதி அலுவலகம், டேய்டன் உடன்படிக்கை 2025இல் 30 ஆண்டுகளை எட்டியபோதும் கலைக்கப்படாமலே இருந்தது. வெளியார் தயவிற் கட்டப்படும் சமாதானம் எவ்வளவு காலம் ஊன்றுகோலிற் சாய்ந்து நிற்க வேண்டியுள்ளது என்பதற்கு அது சான்று.

எமக்குரிய பாடம்

இராஜதந்திரிகள் வருவார்கள், சில வேளை தடுக்கப்படுவார்கள், பல வேளை காலந்தாழ்த்தி வருவார்கள். பில்ட்டின் வாழ்வில் இம்மூன்றும் நிகழ்ந்தன. அவரை வீரராகக் கொண்டாடவும் வேண்டியதில்லை. கையாலாகாதவர் எனத் தள்ளிவிடவும் வேண்டியதில்லை. ஸ்ரெப்ரெனிகாவிற் காப்பாற்ற முடியாமற் போனதை அவர் இணைத் தலைமை வகித்த டேய்டன் மேசை ஈடுசெய்யவில்லை. ஆனால், உயிர் தப்பியவர் தமது வீட்டு வாசலைக் கேட்கும் உரிமையை அது எழுதி வைத்தது.

அந்த எழுத்து எமது நாட்டில் இன்னும் எழுதப்படவில்லை. அதனை எழுதுவிக்க வேண்டுமாயின், கேப்பாப்பிலவுத் தமிழரின் காணிக்காக நீராவிப்பிட்டி முஸ்லிமும், நீராவிப்பிட்டி முஸ்லிமின் காணிக்காகக் கேப்பாப்பிலவுத் தமிழரும் ஒரே மனுவில் ஒப்பமிடும் நிலை வரவேண்டும். அதற்கு வெளிநாட்டு அமைச்சர் எவரும் வரத் தேவையில்லை. எவரது விசாவும் தேவையில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தின் இரு அயற் கிராமங்கள் ஒன்றோடொன்று பேசினாலே போதும்.